டைல்ஸ் வாங்கப் போகுமுன் ஒரு மணி நேரக் கணக்கு

வணிகர்களாகிய நமக்குக் கணக்கு புதிதல்ல. 50 கிராம் சீரகத்துக்கும் தராசில் எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்கிறோம். மண்டியிலிருந்து வந்த மூட்டை அரைக் கிலோ குறைந்தால் அன்றைக்கே போன் போட்டுக் கேட்கிறோம். எந்தச் சரக்கு எத்தனை நாளில் தீரும், எப்போது ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் வீடு கட்டும்போதும் பழைய தரையை மாற்றும்போதும் இந்தத் திறமையைக் கடையிலேயே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். யாரோ வாய்க்கணக்காகச் சொன்னதைச் சீட்டில் எழுதிக்கொண்டு டைல்ஸ் கடைக்குக் கிளம்பிவிடுகிறோம்.

நாமும் அப்படித்தான் செய்தோம். சில ஆண்டுகளுக்கு முன்பு நமது இல்லத்தில் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் டைல்ஸ் போட முடிவு செய்தோம். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. மேஸ்திரி இரண்டு அறையையும் சுற்றிப் பார்த்தார். “முந்நூறு சதுர அடி முதலாளி. ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ், பெட்டிக்கு நாலு. பத்தொன்பது பெட்டி வாங்கிடுங்க, சரியாப் போகும்” என்றார். வாங்கினோம். ஹால் முடிந்தது. படுக்கையறையில் நான்கு வரிசை போனதும் சரக்கு தீர்ந்துவிட்டது. இன்னும் இரண்டு வரிசை பாக்கி. சுவர் ஓரத்துக்கான ஸ்கர்ட்டிங் பட்டியிலும் குறைந்தது.

டைல்ஸ் கடைக்கு ஓடினோம். “அண்ணாச்சி, அந்த லாட் போன வாரமே முடிஞ்சு போச்சு. அதே டிசைன் இருக்கு, ஆனா ஷேடு கொஞ்சம் மாறும்” என்றார் கடைக்காரர். அவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் கேட்டதை அவர் கொடுத்தார். வேறு வழியின்றி மேலும் 4 பெட்டி வாங்கினோம். இரண்டாவது தடவை வண்டி வாடகை, இறக்குக் கூலி, வேலையின்றி நின்ற இரண்டு நாளுக்கு ஆட்களுக்கு அரைக்கூலி. இவையெல்லாம் போகட்டும். காலையில் ஜன்னல் வழியாக வெயில் விழும்போது கடைசி இரண்டு வரிசை மட்டும் வெளுத்துத் தெரிகிறது. கட்டிலை அந்தப் பக்கம் நகர்த்தி மறைத்திருக்கிறோம். “ஏங்க, கடையில கால் கிலோ பருப்புக்கு அத்தனை கணக்குப் பார்க்கிறீங்க, இதுக்கு ஒரு டேப் பிடிக்கக் கூடாதா?” என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்விக்குரிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறோம். டைல்ஸ் என்பது தீர்ந்தால் மறுபடி வாங்கிக்கொள்ளும் சரக்கு அல்ல. துவரம் பருப்பு குறைந்தால் நாளைக்கு இன்னொரு மூட்டை இறக்கலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. டைல்ஸ் ஒவ்வொரு தடவை சூளையில் வேகும்போதும் நிறம் சற்று மாறும், அளவும் இம்மியளவு மாறும். ஆகவே முழுத் தேவையையும் ஒரே லாட்டில், ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். அதற்கு முதலில் தேவை எவ்வளவு என்று நமக்கே தெரிய வேண்டும். நமது வீட்டின் அதே இரண்டு அறைகளையே உதாரணமாக வைத்துக் கணக்கைப் பார்ப்போம்.

அளவு எடுத்தல்

ஒரு தாளில் வீட்டின் படத்தைக் கையால் வரைந்துகொள்ளுங்கள். அழகு தேவையில்லை. ஒவ்வொரு அறையின் நீளத்தையும் அகலத்தையும் இரண்டு இடங்களில் டேப் பிடித்துப் பாருங்கள். சுவர்கள் எப்போதும் நேராக இருப்பதில்லை. இரண்டு அளவும் வேறுபட்டால் பெரியதை எழுதுங்கள். அறை ‘எல்’ வடிவில் இருந்தால் இரண்டு செவ்வகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கதவு நிலைக்கு அடியில் வரும் சுவர்க் கனத்தையும் எழுத மறக்க வேண்டாம்.

ஒரு சிறு எச்சரிக்கை. 16 அடி 3 அங்குலத்தைக் கால்குலேட்டரில் 16.3 என்று அடிப்பது பலரும் செய்யும் பிழை. அடிக்கு 12 அங்குலம். ஆகவே 3 அங்குலம் என்பது 0.25 அடி, 6 அங்குலம் என்பது 0.5 அடி, 9 அங்குலம் என்பது 0.75 அடி.

நமது வீட்டின் அளவு இது:

ஹால் 16 அடி 3 அங்குலம் × 11 அடி 6 அங்குலம். அதாவது 16.25 × 11.5 = 186.9 சதுர அடி.

படுக்கையறை 11 × 10 = 110 சதுர அடி.

இரண்டுக்கும் நடுவே கதவு நிலை 3.5 × 0.75 = 2.6 சதுர அடி.

மொத்தம் 299.5. மேஸ்திரி சொன்ன 300 சதுர அடி சரியான அளவுதான். பிழை அதற்கு அடுத்த படியில் இருந்தது.

‘ரெண்டுக்கு ரெண்டு’ என்பது 2 அடிக்கு 2 அடி அல்ல

நாம் பேச்சில் 2க்கு 2 என்று சொல்லும் டைல்ஸின் உண்மையான அளவு 600 மில்லிமீட்டருக்கு 600 மில்லிமீட்டர். 2 அடி என்பது 609.6 மி.மீ. ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய 1 செ.மீ. குறைவு. எனவே ஒரு டைல்ஸின் பரப்பு 4 சதுர அடி அல்ல, 3.875 சதுர அடி. நான்கு அடங்கிய பெட்டி 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. 16 என்று வைத்துக் கணக்குப் போட்டால் பெட்டிக்கு அரைச் சதுர அடி வீதம் நாமே நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம்.

நமது 300 சதுர அடியை 16ஆல் வகுத்தால் 18.75, அதாவது 19 பெட்டி. மேஸ்திரி சொன்னது இதுதான். 15.5ஆல் வகுத்தால் 19.35 வருகிறது. அதாவது 20 பெட்டி. ஒரு டைல்ஸ்கூட உடையாமல், ஒரு துண்டுகூட வீணாகாமல் போட்டாலும் 19 பெட்டி போதாது.

ஒரு அடி டைல்ஸுக்கும் இதே கதைதான். அது 300 மி.மீ.; ஒரு அடி என்பது 305 மி.மீ. ஆகவே கடையில் விலை கேட்கும்போது, “பெட்டியில் எத்தனை டைல்ஸ்? எத்தனை சதுர மீட்டர்?” என்று கேட்டு, பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டரை 10.764ஆல் பெருக்கினால் சதுர அடி கிடைக்கும்.

சேதாரம்: சதவீதக் கணக்கு

நகைக்கு மட்டுமல்ல, டைல்ஸுக்கும் சேதாரம் உண்டு. ஓரங்களில் வெட்டும் துண்டு, மெஷினில் உடைவது, மூலை போனது எல்லாம் சேர்ந்தது அது. நேர் வரிசையில் போடுவதானால் 5 முதல் 7 சதவீதமும், மூலைவாட்டாகப் போடுவதானால் 10 முதல் 15 சதவீதமும் கூட்டிக்கொள்வது வழக்கம்.

அடுத்தது ஸ்கர்ட்டிங். தரையை ஒட்டிச் சுவரில் 4 அங்குல உயரத்துக்கு ஓடும் பட்டி இது. இதைச் சதுர அடியில் அல்ல, ரன்னிங் அடியில் கணக்கிட வேண்டும். ஹாலின் சுற்றளவு 55.5 அடி, கதவுகள் 10 அடி போக 45.5. படுக்கையறையின் சுற்றளவு 42 அடி; கதவுகள் 6 அடி போக 36. மொத்தம் 81.5 ரன்னிங் அடி. ஒரு 600 மி.மீ. டைல்ஸில் பிளேடு தின்பது போக 4 அங்குலப் பட்டி 5தான் கிடைக்கும். ஒரு பட்டியின் நீளம் 1.97 அடி. ஆக ஒரு டைல்ஸுக்கு 9.8 ரன்னிங் அடி. 81.5ஐ 9.8ஆல் வகுத்தால் 9 டைல்ஸ், அதாவது சுமார் 35 சதுர அடி.

இப்போது கூட்டுவோம். தரை 300, சேதாரம் 7 சதவீதத்துக்கு 21, ஸ்கர்ட்டிங் 35. மொத்தம் 356 சதுர அடி. 15.5ஆல் வகுத்தால் 22.97, அதாவது 23 பெட்டி. நாம் முதலில் வாங்கிய 19ஐயும் பிறகு ஓடிப்போய் வாங்கிய 4ஐயும் கூட்டிப் பாருங்கள். அதே 23!

வரிசைக் கணக்கு: இதுவே நம்பகமானது

சதவீதக் கணக்கு விரைவானது. ஆனால் அறையின் அளவு டைல்ஸின் அளவோடு எப்படிப் பொருந்துகிறது என்பதை அது காட்டாது. பொருந்தாத சிறிய அறைகளில் 7 சதவீதம் எங்கேயோ பறந்துவிடும். ஆகவே ஒவ்வொரு அறைக்கும் வரிசையாக எண்ணிப் பார்ப்பது நலம். ஒரு அங்குலம் 25.4 மி.மீ. என்று வைத்து அறையின் அளவை மில்லிமீட்டருக்கு மாற்றுங்கள். டைல்ஸ் 600, ஜாயிண்ட் இடைவெளி 2, ஆக 602 என்று வைத்து வகுங்கள்.

ஹால்: நீளம் 4953 மி.மீ. அதில் 8 முழு டைல்ஸ் போக 137 மி.மீ. மீதி. அகலம் 3505 மி.மீ. அதில் 5 முழு டைல்ஸ் போக 495 மி.மீ. மீதி. 8 × 5 = 40 முழு டைல்ஸ். 495 மி.மீ. துண்டுக்கு 8 டைல்ஸ் வெட்ட வேண்டும். 137 மி.மீ. துண்டு 6 வேண்டும். ஒரு டைல்ஸில் 4 துண்டு கிடைப்பதால் 2 டைல்ஸ் போதும். மொத்தம் 50.

படுக்கையறை: நீளம் 3353 மி.மீ. அதில் 5 முழு டைல்ஸ் போக 343 மீதி. அகலம் 3048 மி.மீ. அதில் 5 முழு டைல்ஸ் போக வெறும் 38 மி.மீ. மீதி. இங்கேதான் வம்பு. ஒன்றரை அங்குலப் பட்டியை வெட்டினால் பாதி உடையும், போட்டாலும் கண்ணுக்கு உறுத்தும். எனவே எந்த நல்ல மேஸ்திரியும் ஒரு முழு டைல்ஸைக் குறைத்துக்கொண்டு, நடுவில் 4 முழு டைல்ஸும் இரு ஓரங்களிலும் சம அளவில் 319 மி.மீ. துண்டும் வருமாறு போடுவார். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் 319 மி.மீ. துண்டு ஒரு டைல்ஸில் ஒன்றுதான் கிடைக்கும். எனவே ஒரு வரிசைக்கு 6 டைல்ஸ். 5 முழு வரிசையும் 343 மி.மீ.யில் ஒரு வரிசையும் சேர்த்து 6 வரிசை. மொத்தம் 36 டைல்ஸ்.

பரப்பளவை மட்டும் பார்த்தால் 110 சதுர அடிக்கு 29 டைல்ஸ் போதும் என்று தோன்றும். உண்மையில் தேவை 36. இந்த 7 டைல்ஸ் வித்தியாசத்தை எந்தச் சதவீதமும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

ஆனால் வெட்டிய மிச்சம் வீண் அல்ல. மளிகைக் கடையில் மூட்டை அடியில் மிஞ்சும் நொய்க்கும் நாம் விலை வைக்கிறோம் அல்லவா? ஹாலில் 495 வெட்டியதில் மிஞ்சிய 105 மி.மீ. துண்டு 8, ஒவ்வொன்றும் ஒரு ஸ்கர்ட்டிங் பட்டி. படுக்கையறையில் 5 முழு வரிசையின் ஓரங்களில் மிஞ்சிய 281 மி.மீ. துண்டு 10, ஒவ்வொன்றிலும் 2 பட்டி, ஆக 20. கடைசி வரிசையில் மிஞ்சிய 257 மி.மீ. துண்டு 4, அதில் 8 பட்டி. மொத்தம் 36 பட்டிகள். நமக்குத் தேவை 81.5 ரன்னிங் அடிக்கு 42 பட்டிகள். குறையும் 6க்கு 2 டைல்ஸ் புதிதாக வெட்டினால் போதும். மிச்சத் துண்டுகளைக் குப்பையில் போடாமல் ஸ்கர்ட்டிங்குக்கு எடுத்து வைக்கும்படி வேலை தொடங்கும் நாளிலேயே மேஸ்திரியிடம் சொல்லிவிட வேண்டும். கடைசி நாளில் சொன்னால் துண்டுகள் வாசலில் மண்ணோடு கிடக்கும்.

ஆக ஹால் 50, படுக்கையறை 36, கதவு நிலை 1, ஸ்கர்ட்டிங் 2, மொத்தம் 89. வேலையில் உடைவதற்கு 3 சேர்த்தால் 92. நான்கால் வகுத்தால் 23 பெட்டி. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்திருப்பதைக் கவனியுங்கள். நமது கடையில் ரொக்கத்தையும் பில்லையும் ஒத்துப் பார்ப்பது போல, இரண்டு கணக்கும் ஒத்து வந்தால் தைரியமாக ஆர்டர் கொடுக்கலாம். ஒத்து வராவிட்டால் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் வையுங்கள். சில ஆண்டுகள் கழித்துக் குழாய் ரிப்பேருக்குத் தரையை உடைக்க நேரும்போது அந்த டிசைன் கடையில் இருக்காது. ஆகவே நமது ஆர்டர் 24 பெட்டி.

குளியலறைச் சுவர்

சுவருக்கும் இதே முறைதான். குளியலறை 7 அடி × 4 அடி 6 அங்குலம், 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 23 அடி. 23 × 7 = 161. கதவு 2.5 × 7 = 17.5 கழித்தால் 143.5 சதுர அடி. 12க்கு 18 என்று சொல்லும் சுவர் டைல்ஸ் 300 × 450 மி.மீ. 6 டைல்ஸ் கொண்ட பெட்டி 8.72 சதுர அடி. சேதாரம் 10 சதவீதம் சேர்த்து 158 சதுர அடி; 19 பெட்டி வருகிறது.

வரிசையாக எண்ணினால் இன்னொரு லாபம் தெரியும். டைல்ஸைப் படுக்கையாகப் போட்டால் ஒரு வரிசையின் உயரம் 300 மி.மீ. 7 வரிசையில் 6 அடி 11 அங்குலம் ஆகிவிடும். 7 அடிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால் அந்த ஒரு அங்குலத்துக்காக எட்டாவது வரிசை முழுவதும் வெட்டிப் போட வேண்டும். 7 வரிசையோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். ஒரு வரிசைக்கு நீளச் சுவர் இரண்டிலும் ஐந்தைந்து, குறுக்குச் சுவரில் 3, கதவுள்ள சுவரில் 2, ஆக 15 டைல்ஸ். 7 வரிசைக்கு 105. உடைவுக்கு 5 சேர்த்து 110. இங்கும் 19 பெட்டிதான்.

கீழே கருநிறமும் மேலே வெளிர்நிறமும் போடுவதானால் இரண்டையும் தனித்தனியே பெட்டிக் கணக்காக்க வேண்டும். கீழ் 3 வரிசைக்கு 45. உடைவு 2 சேர்த்து 8 பெட்டி. மேல் 4 வரிசைக்கு 60. உடைவு 3 சேர்த்து 11 பெட்டி. மொத்தத்தை வாங்கிவிட்டுப் பாதியாகப் பிரித்தால் ஒரு நிறம் மிஞ்சும், மற்றது குறையும்.

சிமெண்ட், மணல், பசை

தரைக்கு 1க்கு 5 கலவை, சராசரி ஒன்றரை அங்குலக் கனம் என்று வைப்போம். 300 சதுர அடிக்கு 37.5 கன அடி கலவை. தண்ணீர் விட்டால் கலவை அமுங்கும் என்பதால் உலர்ந்த அளவுக்கு 1.33ஆல் பெருக்க வேண்டும்: 50 கன அடி. அதில் ஆறில் ஒரு பங்கு சிமெண்ட், 8.3 கன அடி. 50 கிலோ மூட்டை 1.25 கன அடி என்பதால் 6.7 மூட்டை. மேலே ஊற்றும் சிமெண்ட் பாலுக்கு 100 சதுர அடிக்குச் சுமார் 40 கிலோ வீதம் 120 கிலோ, அதாவது 2.4 மூட்டை. ஸ்கர்ட்டிங்குக்கும் சேர்த்து 10 மூட்டை வாங்கலாம். மணல் 42 கன அடி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. நமக்கு அரை யூனிட் போதும்.

ஆனால் தரை மட்டம் சரியில்லை என்றால் இந்தக் கணக்கு தலைகீழாகும். கனம் அரை அங்குலம் கூடினால் நமது 300 சதுர அடிக்கு 2 மூட்டைக்கு மேல் சிமெண்டும் 14 கன அடி மணலும் கூடுதலாக இழுக்கும். ஆகவே சிமெண்ட் வாங்குமுன் டியூப் லெவல் பிடித்து நான்கு மூலைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். வேலை தொடங்குவதற்கு மூன்று நான்கு நாள் முன்னதாகவே சிமெண்ட் வாங்கினால் போதும். ஈரத்தில் கட்டிபிடித்த சிமெண்ட், கட்டிபிடித்த சர்க்கரை போல உடைத்து விற்கக்கூடியது அல்ல.

பழைய தரையின் மேலேயே ஒட்டுவதானால் கலவை கிடையாது, டைல்ஸ் பசைதான். 3 மி.மீ. கனத்தில் 20 கிலோ பை 40 முதல் 50 சதுர அடி வரை வரும். சுவருக்கு விட்ரிஃபைடு டைல்ஸ் தேர்ந்தெடுத்தால் அங்கும் பசையே நல்லது. விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரைச் சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் சிமெண்ட் பாலை மட்டும் நம்பினால் பிடிப்பு போதாமல் நாளடைவில் கழன்று விழலாம். சாதாரணச் சுவர் டைல்ஸ் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். சிமெண்டில் ஒட்டுவதானால் அதை முன்கூட்டியே ஊறவைக்க வேண்டும். இல்லையேல் கலவையின் ஈரத்தை டைல்ஸே குடித்துவிடும்.

ஜாயிண்ட் பவுடர் பற்றியும் ஒரு வார்த்தை. 2 மி.மீ. இடைவெளிக்கு 600 மி.மீ. டைல்ஸில் கிலோவுக்குச் சுமார் 100 சதுர அடி வரும். சிறிய 300 மி.மீ. டைல்ஸில் 3 மி.மீ. இடைவெளி விட்டால் 40 சதுர அடிதான் வரும். கை விரயம் போக நமது வீட்டுக்கு 4 கிலோ வாங்கினால் தாராளம்.

கொள்முதல் செய்யும்போது

கணக்கு கையில் இருக்கிறது. இனி வாங்குவது நமது தொழில். ஆனாலும் சிலவற்றை நினைவூட்டுகிறோம்.

பெட்டிகள் எல்லாவற்றிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று வண்டியில் ஏற்றும்போதே பாருங்கள். கடையில் பார்த்த மாதிரி வேறு, கிடங்கிலிருந்து வருவது வேறாக இருக்கலாம். அந்த எண்களைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

இரண்டு டைல்ஸை எடுத்து முகத்தோடு முகம் வைத்துப் பாருங்கள். நடுவிலோ மூலையிலோ இடைவெளி தெரிந்தால் வளைவு இருக்கிறது. அப்படிப்பட்டது தரையில் மூலை தூக்கி நிற்கும்.

பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, எத்தனை நாளுக்குள் என்று முன்பே கேட்டுப் பில்லின் பின்புறம் எழுதி வாங்குங்கள். திருப்பிக் கொடுக்க முடியும் என்றால் ஒரு பெட்டி கூடுதலாக வாங்குவதில் நஷ்டமே இல்லை.

சொன்ன விலை ஜி.எஸ்.டி. சேர்த்ததா, சேர்க்காததா என்று கேளுங்கள். பழைய எஸ்டிமேட் கையில் இருந்தால் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

வரி விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. டைல்ஸ் கடைக்காரர் நமது ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்பார். வீட்டுக்கு வாங்கியதைக் கடைக் கணக்கில் போட்டு உள்ளீட்டு வரி வரவு எடுக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு வரவைத் தடுக்கிறது. கடைக் கட்டடத்துக்கே போட்டாலும் அந்தச் செலவைக் கட்டட மதிப்பில் மூலதனமாகச் சேர்த்தால் வரவு கிடையாது. கணக்காளரைக் கலந்துகொண்டு செய்வது நலம். அதற்காகப் பில் இல்லாமல் வெறும் சீட்டில் வாங்கவும் வேண்டாம். ஷேடு மாறிய சரக்கு வந்தால் கேட்பதற்கு நமக்குள்ள ஒரே ஆதாரம் அந்தப் பில்தான்.

2க்கு 2 பெட்டி ஒன்று 28 முதல் 30 கிலோ வரை இருக்கும். 24 பெட்டி என்றால் ஏறக்குறைய 700 கிலோ. வண்டி வாடகையில் இறக்குக் கூலி சேர்த்தியா, மாடிக்கு ஏற்றினால் எவ்வளவு என்பதை முன்கூட்டிப் பேசிவிடுங்கள். பெட்டிகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். போடும்போது ஒரே பெட்டியைத் தீர்க்காமல் மூன்று நான்கு பெட்டியிலிருந்து கலந்து எடுக்கச் சொல்லுங்கள். சிறு நிற வேறுபாடு இருந்தாலும் கலந்து மறைந்துவிடும்.

கூலியும் இப்படித்தான். தரைக்குச் சதுர அடி வீதமா, ஸ்கர்ட்டிங்குக்கு ரன்னிங் அடி வீதமா, பழைய தரையை உடைத்து அள்ளுவதும் ஜாயிண்ட் அடைப்பதும் அதில் சேர்த்தியா என்று முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் இருவரும் சேர்ந்து டேப் பிடித்துக் கணக்கை முடித்தால் மனக்கசப்பு வராது.

கடைக்கும் கிடங்குக்கும்

நம்மில் பலர் கடைத் தரையையும் மாற்ற நினைக்கிறோம். கணக்கு அதுவே. ஆனால் பளபளப்பான டைல்ஸ் கடைக்கு ஆகாது. எண்ணெய் ஒரு சொட்டு சிந்தினாலும் வாடிக்கையாளர் வழுக்கி விழுவார். சொரசொரப்பான மேட் வகையைக் கேளுங்கள். மூட்டை அடுக்கும் இடத்திலும் தள்ளுவண்டி உருளும் இடத்திலும் டைல்ஸின் அடியில் வெற்றிடம் இருக்கவே கூடாது. போட்ட மறுநாள் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பாருங்கள். காலிப் பெட்டியைத் தட்டியது போல் சத்தம் வந்தால் அடியில் கலவை இல்லை என்று பொருள். அன்றைக்கே எடுத்து மாற்றச் சொல்லுங்கள். மேலே அரிசி மூட்டை ஏறிய பிறகு சொல்லிப் பயனில்லை.

முடிவாக

மேஸ்திரி வேலை தெரிந்தவர், கடைக்காரர் சரக்கு தெரிந்தவர். ஆனால் பணம் நம்முடையது, வீடும் நம்முடையது. ஒரு டேப், ஒரு தாள், ஒரு கால்குலேட்டர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. இவ்வளவே போதும். நமது கணக்கை மேஸ்திரியிடம் காட்டி, “நான் இத்தனை எண்ணியிருக்கிறேன், நீங்களும் ஒருமுறை பாருங்கள்” என்று சொன்னால் அவரும் கவனமாகச் சொல்வார். நம்மிடம் நிறுத்துக் காட்டச் சொல்லும் வாடிக்கையாளரிடம் நாம் கோபித்துக்கொள்வதில்லையே. அவரும் கோபிக்க மாட்டார்.

நமது வீட்டில் அந்தக் கட்டில் இன்னும் ஜன்னலோரத்தில்தான் கிடக்கிறது. நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது, வந்தவர்கள் யாரும் தரையைப் பார்க்கவில்லை. ஆனால் தினமும் காலையில் வெயில் வரும்போது நாம் பார்க்கிறோம். நமது உறுப்பினர் எவரும் அப்படிக் கட்டிலை நகர்த்த வேண்டிய நிலை வர வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினோம்.